டிக்கிக்குள் 1500 வாட்ஸ்: எது நிஜம், எது ஸ்டிக்கர்?

பயனியர் நிறுவனத்தின் டிஎஸ்-ஏ300டி4 ஒரு 12 இன்ச் கார் சப்வூஃபர். அதன் விளம்பரத்தில் கண்ணைப் பறிப்பது 1500 வாட்ஸ் என்ற எண். விவரத் தாளைப் பொறுமையாகப் படித்தால் 500 வாட்ஸ் என்று இன்னோர் எண் கிடைக்கும். இரண்டும் கம்பெனியே சொன்னவை, இரண்டும் ஒரே ஊஃபருக்குத்தான். முதல் எண், கண நேரம் வந்துபோனால் தாங்கக்கூடிய உச்சம். இரண்டாவது, மணிக்கணக்கில் பாட்டு ஓடினாலும் காயில் கருகாமல் தாங்கும் அளவு. ஆர்.எம்.எஸ். என்று கடைக்காரர்கள் சொல்வது இதைத்தான். வாங்குகிறவர் முதல் எண்ணுக்காகக் காசைக் கொடுக்கிறார். ஊஃபர் பிழைப்பதோ இரண்டாவது எண்ணில்.

சென்னை ஜி.பி. ரோட்டில் கார் அக்சஸரீஸ் கடைகள் வரிசை கட்டி நிற்கின்றன. அங்கே போனாலும் சரி, சொந்த ஊர் பைபாஸ் ஓரத்துக் கடைக்குப் போனாலும் சரி, ஊஃபர் வாங்க வருகிறவர் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: “அண்ணே, இது எத்தனை வாட்ஸ்?” கேட்க வேண்டிய கேள்வி வேறு. “இந்த ஆம்ப், எத்தனை ஓம்ஸில் எத்தனை வாட்ஸ் ஆர்.எம்.எஸ். கொடுக்கும்?” இந்த ஒரு வரிக்குள் ஊஃபர், அதை ஓட்டும் ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்), ஒயரிங் மூன்றும் அடங்கிவிடுகின்றன. எரிந்த ஊஃபரோடு கடைக்குத் திரும்புகிறவரிடம் விசாரித்தால், பல நேரம் இந்தக் கேள்வி கேட்கப்படாமல் போனதுதான் தெரியவரும்.

வாட்ஸ் மயக்கம் நமக்குப் புதிதல்ல. தொண்ணூறுகளில் டூ-இன்-ஒன்னும் கம்ப்யூட்டர் ஸ்பீக்கரும் வாங்கியவர்களுக்குப் பி.எம்.பி.ஓ. என்ற நான்கு எழுத்து நினைவிருக்கும். உள்ளங்கையில் அடங்கும் ஸ்பீக்கரின் மேல் நூற்றுக்கணக்கான வாட்ஸ் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். அந்த எண் எப்படி வந்தது என்பதற்குப் பொதுவான அளவுமுறை எதுவும் கிடையாது. அந்த எழுத்துகள் இன்று மறைந்துவிட்டன. அதன் இடத்தில் ‘மேக்ஸ்’, ‘பீக்’ என்ற சொற்கள் வந்து உட்கார்ந்துவிட்டன.

கார் ஸ்டீரியோவின் முகப்பில் எழுதியிருக்கும் ‘50 வாட்ஸ் x 4’ எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் இந்தக் கணக்கின் சூட்சுமம் புரியும். இன்ஜின் ஓடும்போது காரில் கிடைப்பது சுமார் 14.4 வோல்ட். ஸ்பீக்கர் 4 ஓம்ஸ். வோல்ட்டை வோல்ட்டால் பெருக்கி ஓம்ஸால் வகுத்தால் வாட்ஸ். 14.4-ஐ 14.4-ஆல் பெருக்கி 4-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 52. அதாவது, பேட்டரியின் மொத்த வோல்ட்டையும் அப்படியே ஸ்பீக்கருக்குள் திருப்பிவிட்டால் வரும் எண் அது. அப்படிப் போனால் வருவது இசை அல்ல, உறுமல். சுத்தமான அலையாகப் போகும்போது கணக்குப்படியே 26 வாட்ஸ்தான் கிடைக்கும், அதிலும் உள் இழப்பைக் கழிக்க வேண்டும். பல பயனியர் ஸ்டீரியோக்களின் விவரத் தாளில் 50 வாட்ஸுக்குப் பக்கத்திலேயே ‘22 வாட்ஸ் x 4’ என்று நேர்மையாக எழுதியும் இருக்கிறார்கள். படிப்பவர்கள்தான் குறைவு.

சப்வூஃபருக்குத் தனி ஆம்ப் தேவைப்படுவதும் இதனால்தான். ஆம்ப்புக்குள் இருக்கும் பவர் சப்ளை, காரின் 12 வோல்ட்டை வாங்கி அதைவிடப் பல மடங்கு உயர்த்திக் கொடுக்கிறது. 2 ஓம்ஸ் ஊஃபருக்கு 500 வாட்ஸ் கொடுக்க வேண்டுமானால் ஆம்ப்பின் வாயிலில் சுமார் 31.6 வோல்ட் வர வேண்டும். வெறும் ஸ்டீரியோவால் அது நடக்காது.

ஃப்யூஸ் சொல்லும் உண்மை

அமெரிக்காவின் நுகர்வோர் மின்னணு நிறுவனங்களின் சங்கம் 2003-ல் சிஇஏ-2006 என்ற அளவுகோலைக் கொண்டுவந்தது. சங்கத்தின் பெயர் மாறியதால் இப்போது அது சிடிஏ-2006. கார் ஆம்ப்பை 14.4 வோல்ட்டில், 4 ஓம்ஸ் சுமையில், ஒரு சதவிகிதத்துக்கு மேல் சத்தம் சிதையாமல் அளந்து எண்ணைப் போட வேண்டும் என்பது இதன் சாரம். கட்டாயம் கிடையாது, விருப்பமுள்ள கம்பெனிகள் பின்பற்றலாம். பெட்டியில் அந்த முத்திரை இருந்தால் எண்ணை நம்பலாம். ராக்ஃபோர்டு ஃபாஸ்கேட் போன்ற நிறுவனம் ஒரு படி மேலே போய், அந்தக் குறிப்பிட்ட ஆம்ப்பைத் தொழிற்சாலையில் அளந்தபோது கிடைத்த வாட்ஸை எழுதி ‘பர்த் ஷீட்’ என்று ஒரு தாளை உள்ளே வைத்து அனுப்புகிறது. அதில் வாக்களித்ததைவிடக் கூடுதலான எண் இருப்பது சகஜம்.

முத்திரையும் இல்லை, தாளும் இல்லை, ஆனால் பெட்டியில் 4000 வாட்ஸ் என்று இருக்கிறது. என்ன செய்வது? ஆம்ப்பைத் திருப்பி, ஒயர் சொருகும் பக்கத்தில் இருக்கும் ஃப்யூஸைப் பாருங்கள். 30 ஆம்பியர் ஃப்யூஸ் இரண்டு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 60 ஆம்பியர். 14 வோல்ட்டால் பெருக்கினால் 840. இதுதான் ஆம்ப் உள்ளே இழுக்கக்கூடிய மின்சாரத்தின் எல்லை. கிளாஸ்-டி ஆம்ப் என்றால் அதில் சுமார் 80 சதவிகிதம் வெளியே வரும். ஆக 670 வாட்ஸ். பழைய கிளாஸ்-ஏபி வகையென்றால் பாதிக்குச் சற்று மேலே, 450-ஐ ஒட்டி நிற்கும். எப்படிப் புரட்டிப் போட்டாலும் 4000 தொடர்ந்து வர வழியே இல்லை. உள்ளே வராத மின்சாரம் வெளியே போகாது. கடையில் நின்றபடியே செய்யக்கூடிய இந்தச் சோதனையைப் போல உபயோகமானது வேறில்லை.

ஓம்ஸில்தான் எல்லாம் இருக்கிறது

வாட்ஸ் பொய்யைத் தாண்டி வந்தவர்கள்கூடச் சறுக்கும் இடம் ஓம்ஸ். ஊஃபர் மின்சாரத்துக்குக் காட்டும் எதிர்ப்பு இது. எண் குறையக் குறைய ஆம்ப் அதிக மின்சாரத்தைக் கொடுக்க வேண்டியிருக்கும். அதனால் ஒரே ஆம்ப், மாட்டும் ஊஃபரைப் பொறுத்து மூன்று விதமாக வேலை செய்யும்.

பயனியரின் ஜிஎம்-டி8701 என்ற மோனோ ஆம்ப்பை எடுத்துக்கொள்ளலாம். 4 ஓம்ஸில் 300 வாட்ஸ், 2 ஓம்ஸில் 500, ஒரு ஓமில் 800. மூன்றும் ஆர்.எம்.எஸ். ஓம்ஸ் பாதியானால் வாட்ஸ் இரட்டிப்பாக வேண்டும் என்பது புத்தகக் கணக்கு. பவர் சப்ளை அந்த அளவுக்கு ஈடுகொடுக்காது என்பதால் 300 என்பது 600 ஆகாமல் 500-ல் நிற்கிறது. ஒரு ஓமுக்கும் கீழே போனால்? அதற்கு விவரத் தாளில் எண் கிடையாது. அங்கே போகாதே என்பதுதான் அதன் பொருள்.

இப்போது முதலில் சொன்ன ஊஃபருக்குத் திரும்புவோம். அதன் பெயரின் கடைசியில் உள்ள ‘டி4’ என்பது முக்கியம். உள்ளே இரண்டு காயில்கள், ஒவ்வொன்றும் 4 ஓம்ஸ். ஒன்றின் மைனஸை அடுத்ததன் பிளஸில் கோத்து சீரிஸாக்கினால் 8 ஓம்ஸ். இரண்டு பிளஸையும் ஒன்றாக, இரண்டு மைனஸையும் ஒன்றாக இணைத்து பேரலல் ஆக்கினால் 2 ஓம்ஸ். பேரலலில் மாட்டி மேற்படி ஆம்ப்போடு இணைத்தால், 2 ஓம்ஸில் ஆம்ப் தருவது 500, ஊஃபர் தாங்குவது 500. கச்சிதமான ஜோடி. இதே ஊஃபரை இதே ஆம்ப்பில் தெரியாமல் சீரிஸில் மாட்டிவிட்டால், 8 ஓம்ஸில் 300-க்கும் வெகு கீழே போய்விடும். எதுவும் எரியாது. ஆனால் கொடுத்த காசுக்குப் பாதி அதிர்வுகூட இல்லையே என்று உரிமையாளர் தலையைச் சொறிந்துகொண்டிருப்பார்.

இது பயனியருக்கான சிபாரிசு அல்ல. இரண்டு எண்களும் வெளிப்படையாக எழுதப்பட்டிருப்பதால் எடுத்த உதாரணம். ஜேபிஎல், சோனி, கிக்கர், ஜேஎல் ஆடியோ என எதை வாங்கினாலும் கணக்கு இதேதான்.

இரண்டு ஊஃபர் வைக்க ஆசைப்படுகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். 4 ஓம்ஸ் இரட்டைக் காயில் ஊஃபர் இரண்டை முழுக்கப் பேரலலில் மாட்டினால் மொத்தம் ஒரு ஓம். ஒரு ஓம் தாங்கும் மோனோ ஆம்ப்புக்கு அது சரி. 2 ஓம்ஸ் இரட்டைக் காயில் ஊஃபர் இரண்டை அப்படியே முழுப் பேரலலில் மாட்டினால் அரை ஓம். பெரும்பாலான ஆம்ப்புகள் அதோடு ‘புரொடெக்ட்’ விளக்கைப் போட்டு மௌனமாகிவிடும். சில, விளக்குப் போடக்கூட அவகாசமில்லாமல் புகையும். அந்த ஜோடிக்குச் சரியான வழி, ஒவ்வொரு ஊஃபரின் காயில்களையும் சீரிஸில் கோத்து நான்காக்கி, பிறகு இரண்டு ஊஃபரையும் பேரலலில் இணைப்பது. மொத்தம் 2 ஓம்ஸ். ஆக, ஆம்ப்பை முடிவு செய்த பிறகு ஊஃபரின் காயிலைத் தேர்ந்தெடுக்க வேண்டும், அல்லது ஊஃபரை முடிவு செய்த பிறகு ஆம்ப்பை. இரண்டையும் இரண்டு கடையில் ஆஃபர் பார்த்துத் தனித்தனியாக வாங்கிவந்து, பிறகு பொருந்துமா என்று யோசிப்பதுதான் இந்த விஷயத்தில் அதிகம் நடக்கும் பிழை.

அடுத்து அதிகம் நடப்பது பிரிட்ஜ் பிழை. காரில் ஏற்கெனவே நான்கு சேனல் ஆம்ப் இருக்கும். பின்னால் உள்ள இரண்டு சேனலை ஒன்றாக இணைத்து, அதாவது பிரிட்ஜ் செய்து, ஊஃபருக்குக் கொடுத்துவிடலாம் என்பார்கள். செய்யலாம். ஆனால் பிரிட்ஜ் செய்யும்போது ஒவ்வொரு சேனலும் ஊஃபரின் ஓம்ஸில் பாதியைத்தான் பார்க்கும். 4 ஓம்ஸ் ஊஃபர் மாட்டினால் ஒவ்வொரு சேனலுக்கும் 2 ஓம்ஸ் சுமை. பெரும்பாலான ஆம்ப்புகளின் எல்லை அதுதான். அங்கே 2 ஓம்ஸ் ஊஃபரை மாட்டினால் சேனலுக்கு ஒரு ஓம். ஆம்ப்பின் பின்புறத்திலேயே ‘பிரிட்ஜ், குறைந்தபட்சம் 4 ஓம்ஸ்’ என்று பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். நல்ல பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது பத்து நிமிடத்துக்கொரு முறை ஆம்ப் தானாக அணைந்து, ஆறிய பின் மறுபடி உயிர்பெறுகிறதா? முதலில் பார்க்க வேண்டியது இதை.

பழைய ஊஃபரை வாங்குகிறீர்கள், ஸ்டிக்கர் கிழிந்திருக்கிறது என்றால் மல்டிமீட்டர் போதும். 4 ஓம்ஸ் காயிலில் மீட்டர் 3.2-லிருந்து 3.7-க்குள் ஏதாவது காட்டும். குறைகிறதே என்று பதற வேண்டாம், மீட்டர் அளப்பது நேர்மின் எதிர்ப்பை, அது எப்போதும் சற்றுக் குறைவாகத்தான் இருக்கும். இரண்டு காயிலும் ஏறக்குறைய ஒரே அளவு காட்ட வேண்டும் என்பதே முக்கியம். ஒன்று 3.5, இன்னொன்று ஒன்றுமே காட்டவில்லை என்றால் அந்த ஊஃபர் பாதி செத்தது. கையோடு ஒன்றரை வோல்ட் பேட்டரி செல்லை டெர்மினலில் ஒரு நொடி தொட்டுப் பாருங்கள். பிளஸுக்கு பிளஸ் சரியாக இருந்தால் கோன் வெளியே நகரும். இரண்டு ஊஃபர் வைத்த காரில் பேஸ் மாயமாக மறைந்துபோவதற்குக் காரணம், ஒன்று வெளியே தள்ளும்போது மற்றொன்று உள்ளே இழுப்பதாகத்தான் பல நேரம் இருக்கும்.

சின்ன ஆம்ப் ஊஃபரை எரிக்குமா?

எரிக்கும். ஆனால் கடைகளில் சொல்லும் காரணத்தால் அல்ல. குறைந்த வாட்ஸ் என்பதால் மட்டும் எந்த ஊஃபரும் கெடாது. வால்யூமைக் குறைத்துக் கேட்கும்போதெல்லாம் அது குறைந்த வாட்ஸில்தான் ஓடுகிறது. சிக்கல், அந்தச் சின்ன ஆம்ப்பை அதன் சக்திக்கு மேல் விரட்டுவதில் இருக்கிறது. ஆம்ப் கொடுக்க முடிந்த வோல்ட் தீர்ந்ததும் அலையின் மேடும் பள்ளமும் வெட்டுப்பட்டுத் தட்டையாகிவிடும். இதைத்தான் கிளிப்பிங் என்கிறார்கள். முழுக்க வெட்டுப்பட்ட அலை, அதே உயரமுள்ள சுத்தமான அலையைப் போல இரண்டு மடங்கு சக்தியைச் சுமந்து வரும். 100 வாட்ஸ் ஆம்ப், அந்த நிலையில் 200 வாட்ஸ் வரை கொட்டும். வாங்கியவரோ 150 வாட்ஸ் ஊஃபருக்கு 100 வாட்ஸ் ஆம்ப் பத்திரமானது என்று நம்பியிருப்பார்.

ஊஃபருக்குள் போகும் மின்சாரம் என்னவாகிறது என்று தெரிந்தால் இதன் தீவிரம் விளங்கும். ஒரு வாட் கொடுத்து ஒரு மீட்டர் தூரத்தில் அளக்கும்போது 88 டெசிபல் காட்டும் ஊஃபர், உள்ளே வாங்கும் சக்தியில் அரை சதவிகிதத்துக்கும் குறைவாகத்தான் ஒலியாக மாற்றுகிறது. 500 வாட்ஸ் கொடுத்தால் சுமார் 2 வாட்ஸ் ஒலி. மீதி 498-ம் அந்த மெல்லிய செம்புக் காயிலில் வெப்பமாக இறங்குகிறது. வீட்டு அயர்ன் பாக்ஸின் பாதிச் சூடு, விரல் கனமுள்ள இடுக்குக்குள். பாட்டில் இடைவெளிகள் இருப்பதால் காயில் ஆறிக்கொள்கிறது. கிளிப்பான சிக்னல் அந்த அவகாசத்தைப் பறித்துவிடுகிறது. அப்போது வரும் கருகல் வாசனையை ஒருமுறை முகர்ந்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

ஆகவே ஊஃபரின் ஆர்.எம்.எஸ். எவ்வளவோ, ஆம்ப்பும் அதே ஓம்ஸில் அவ்வளவு தர வேண்டும். சற்றுக் கூடுதலாக இருப்பது இன்னும் நல்லது, அதாவது 500 வாட்ஸ் ஊஃபருக்கு 500-லிருந்து 600 வரை. இழுத்துப்பிடித்து ஓடும் சின்ன ஆம்ப்பைவிட, நிதானமாக ஓடும் சற்றே பெரிய ஆம்ப்தான் ஊஃபருக்கு நண்பன். அதற்காக 1000 வாட்ஸ் ஆம்ப்புக்குப் பாய வேண்டியதும் இல்லை. வாட்ஸை இரட்டிப்பாக்கினால் கிடைப்பது வெறும் 3 டெசிபல். காதுக்கு ‘கொஞ்சம் கூடியிருக்கிறது’ என்று தோன்றும், அவ்வளவுதான். சத்தம் இரண்டு மடங்காகிவிட்டது என்று காது உணர வேண்டுமானால் பத்து மடங்கு வாட்ஸ் தேவை.

கெயின், வால்யூம் திருகு அல்ல

சரியான ஆம்ப்பையும் ஊஃபரையும் வாங்கிய பிறகு எல்லாவற்றையும் கெடுக்கக்கூடிய ஒரு திருகு இருக்கிறது. ஆம்ப்பின் ஓரத்தில் ‘கெயின்’ என்று எழுதியிருக்கும். ஸ்டீரியோ அனுப்பும் சிக்னலின் அளவுக்கு ஆம்ப்பைப் பழக்குவது மட்டுமே அதன் வேலை. பலர் அதை முழுக்கத் திருகி வைத்துவிட்டு, ஸ்டீரியோவில் பாதி வால்யூமிலேயே கார் அதிர்கிறது என்று பெருமைப்படுகிறார்கள். பாதி வால்யூமிலேயே ஆம்ப் கிளிப் ஆகிறது என்பதுதான் உண்மை.

முறையாக வைக்க ஆகும் நேரம் கால் மணிதான். இன்ஜினை ஓடவிட்டு, ஊஃபர் ஒயரை ஆம்ப்பிலிருந்து கழற்றிவிட வேண்டும். ஸ்டீரியோவில் ஈக்வலைசர், பேஸ் பூஸ்ட், லவுட்னெஸ் எல்லாம் பூஜ்யம். முழு அளவில் பதிவான 50 ஹெர்ட்ஸ் டெஸ்ட் டோனை ஓடவிட்டு, வால்யூமை முக்கால் பங்குக்கு ஏற்ற வேண்டும். மல்டிமீட்டரை ஏ.சி. வோல்ட்டில் வைத்து ஆம்ப்பின் ஊஃபர் டெர்மினலில் தொட்டபடி, கெயினை மெதுவாகத் திருக வேண்டும். எத்தனை வோல்ட்டில் நிறுத்துவது? வாட்ஸையும் ஓம்ஸையும் பெருக்கி வர்க்கமூலம் எடுங்கள். 500-ஐ 2-ஆல் பெருக்கினால் 1000, அதன் வர்க்கமூலம் 31.6. மீட்டர் 31.6 காட்டியதும் கையை எடுத்துவிடலாம். 4 ஓம்ஸில் 300 வாட்ஸ் என்றால் 34.6 வோல்ட். ஊஃபரைத் திரும்ப மாட்டிய பிறகு அந்தத் திருகை யாரும் தொடக் கூடாது, வால்யூமும் அந்த முக்கால் எல்லையைத் தாண்டக் கூடாது.

பேஸ் பூஸ்ட் பட்டனைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். பல ஆம்ப்புகளில் இது 45 ஹெர்ட்ஸ் பக்கம் 12 டெசிபல் வரை ஏற்றித் தரும். 3 டெசிபலுக்கு இரண்டு மடங்கு சக்தி என்றால் 12 டெசிபலுக்குப் பதினாறு மடங்கு. 100 வாட்ஸில் நிம்மதியாக ஓடிய இடத்தில் 1600 வாட்ஸ் கேட்கிறோம். அந்தப் பட்டனைப் பூஜ்யத்தில் வைப்பதே நல்லது.

ஃபில்டரையும் பார்க்க வேண்டும். ஆம்ப்பின் லோ-பாஸை 80 ஹெர்ட்ஸ் வாக்கில் வைத்தால், அதற்கு மேற்பட்ட ஒலி ஊஃபருக்குப் போகாது. ஸ்டீரியோவில் ஹை-பாஸ் வசதி இருந்தால் கதவு ஸ்பீக்கர்களை அதே 80-ல் வெட்டிவிடலாம். அவற்றின் தலையிலிருந்து பேஸ் சுமை இறங்கியதும் பாடகரின் குரல் சட்டென்று தெளிவாகும். பேஸ் கிட்டாரின் ஆகக் கீழ்த் தந்தி 41 ஹெர்ட்ஸில் ஒலிக்கிறது. இளையராஜாவின் பாடல்களில் அந்த பேஸ் கிட்டார் தனியாக ஒரு மெட்டுப் பாடிக்கொண்டு போவதைக் கதவு ஸ்பீக்கரில் மட்டும் கேட்டவர்கள், பொருத்தம் பார்த்து வைத்த ஊஃபரில் ஒருமுறை கேட்க வேண்டும். சப்வூஃபர் வைப்பதன் உண்மையான பலன் அதுதான், தெருவை அதிரவைப்பது அல்ல.

பெட்டியும் ஒயரும்

ஊஃபர் உட்காரும் மரப்பெட்டி தனிக் கட்டுரைக்கான விஷயம். ஆஸ்திரேலியாவில் நெவில் தீல் 1961-ல் எழுதிய ஆய்வும், எழுபதுகளில் சிட்னியில் ரிச்சர்ட் ஸ்மால் செய்த தொடர்ச்சியும்தான் இன்றுவரை உலகம் முழுக்கப் பெட்டிக் கணக்குக்கு ஆதாரம். ஊஃபரோடு வரும் தாளில் எஃப்.எஸ்., க்யூ.டி.எஸ்., வி.ஏ.எஸ். என்று இருப்பவை இவர்கள் பெயரால் அழைக்கப்படும் அளவுகள். ஆம்ப் பொருத்தத்துக்குத் தெரிந்திருக்க வேண்டியது இது: மூடிய பெட்டியில் உள்ளிருக்கும் காற்றே ஸ்பிரிங் போல நின்று கோனைக் கட்டுப்படுத்தும். துளை வைத்த போர்ட்டட் பெட்டி, அதே வாட்ஸில் அதிகச் சத்தம் தரும். ஆனால் அதை டியூன் செய்த அளவுக்குக் கீழே கோனுக்குப் பிடிமானமே இருக்காது. 35 ஹெர்ட்ஸுக்குச் செய்த பெட்டியென்றால் ஆம்ப்பில் மிகத் தாழ்ந்த ஒலியை வெட்டும் சப்சானிக் ஃபில்டரை 28-30 வாக்கில் வைத்தே ஆக வேண்டும். அந்த வசதி இல்லாத ஆம்ப்போடு போர்ட்டட் பெட்டியைச் சேர்க்காதீர்கள்.

ஒயரில் மிச்சம் பிடிப்பவர்கள், ஆம்ப்புக்குக் கொடுத்த காசையே வீணாக்குகிறார்கள். 500 வாட்ஸ் கிளாஸ்-டி ஆம்ப் முழு வீச்சில் சுமார் 45 ஆம்பியர் இழுக்கும். பேட்டரியிலிருந்து டிக்கிவரை 5 மீட்டர் என்று கொண்டால், நல்ல செம்பு 4 கேஜ் ஒயரில் 0.2 வோல்ட்டுக்கும் குறைவாகத்தான் விழும். 8 கேஜில் கிட்டத்தட்ட அரை வோல்ட். கடைகளில் மலிவாகக் கிடைக்கும் ஒயரிங் கிட்களில் பல, செம்பு முலாம் பூசிய அலுமினியம். அது செம்பைப் போல மூன்றில் இரண்டு பங்குதான் மின்சாரம் கடத்தும். ஒயரைச் சுரண்டிப் பார்த்தால் உள்ளே வெள்ளி நிறம் தெரியும்.

மெயின் ஃப்யூஸை பேட்டரியிலிருந்து ஒன்றரை அடிக்குள் வைக்க வேண்டும். இது ஆம்ப்பைக் காக்க அல்ல, காரைக் காக்க. இன்ஜின் அறையிலிருந்து உள்ளே வரும் இடத்தில் தகட்டின் விளிம்பு ஒயரின் தோலை உராய்ந்து கிழித்தால், ஃப்யூஸ் இல்லாத ஒயர் அப்படியே பழுத்துத் தீப்பிடிக்கும். அந்தத் துளையில் ரப்பர் வளையம் போட்டிருக்கிறார்களா என்று குனிந்து பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். எர்த் ஒயர் குட்டையாக, பெயின்ட் சுரண்டிய வெற்றுத் தகட்டில் இறுகியிருக்க வேண்டும். சிக்னல் கொண்டுவரும் ஆர்.சி.ஏ. கேபிளும் பவர் ஒயரும் காரின் இரண்டு பக்கமாகப் போகட்டும். இல்லாவிட்டால் ஆக்ஸிலரேட்டர் மிதிக்கும்போதெல்லாம் ஸ்பீக்கரில் ‘ங்ஙொய்’ என்று ஒரு சத்தம் கூடவே வரும்.

ஆம்ப்புக்கு மின்சாரம் கொடுக்கும் பக்கத்துக்கும் ஓர் எல்லை உண்டு. ஆல்ட்டோ, வேகன் ஆர் போன்ற சிறிய பெட்ரோல் கார்களில் இருப்பது 35 ஆம்பியர்-ஹவர் பேட்டரி. இன்ஜினை அணைத்துவிட்டுச் சராசரியாக 15 ஆம்பியரில் பாட்டுக் கேட்டால், ஒரு மணி நேரம் சொச்சத்தில் பாதி காலி. பேஸ் அடிக்கும்போது ஹெட்லைட் மங்கினால், உடனே கண்ணாடி மீட்டர் வைத்த ஒரு ஃபாரட் கெபாசிட்டரைக் காட்டுவார்கள். கணக்குப் பார்த்தால், 14 வோல்ட்டிலிருந்து 13-க்கு இறங்குவதற்குள் அது தரும் சக்தி 13.5 ஜூல். 600 வாட்ஸ் இழுக்கும் ஆம்ப்புக்கு ஒரு நொடியில் சுமார் நாற்பத்தைந்தில் ஒரு பங்கு நேரத்துக்கு மட்டுமே அது காணும். அந்தக் காசில் நல்ல செம்பு ஒயரும், பேட்டரி கெட்டிருந்தால் புதிய பேட்டரியும் வாங்குவது புத்திசாலித்தனம்.

கம்பெனி ஸ்டீரியோவை மாற்றாமல் ஊஃபர் மட்டும் சேர்க்க விரும்புகிறவர்களுக்கு, ‘ஹை-லெவல் இன்புட்’ உள்ள ஆம்ப் கிடைக்கிறது. ஸ்பீக்கர் ஒயரிலிருந்தே சிக்னல் எடுத்துக்கொள்ளும். ஒயரை வெட்டாமல், காருக்கேற்ற கப்ளர் வைத்து மாட்டச் சொல்லுங்கள். வெட்டினால் வாரன்டியில் வில்லங்கம் வரலாம். கிரெட்டா, செல்டோஸ் போன்றவற்றின் உயர் வேரியன்ட்களில் போஸ் சிஸ்டமும், ஹாரியரில் ஜேபிஎல்லும் தொழிற்சாலையிலேயே ஊஃபரோடு வருகின்றன. போஸின் பல கார் சிஸ்டங்களில் ஸ்பீக்கர்கள் 4 ஓம்ஸைவிட மிகக் குறைந்த ஓம்ஸில் செய்யப்பட்டவை. அவற்றில் ஒன்றை மட்டும் கழற்றிவிட்டுச் சந்தை ஸ்பீக்கரை மாட்டினால் சத்தம் குறையுமே தவிர கூடாது.

வேனும் பஸ்ஸும் வைத்திருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. பெரிய பஸ்களின் மின்சாரம் 24 வோல்ட். கார் ஆம்ப் 12 வோல்ட்டுக்கானது. நடுவில் தகுந்த கன்வெர்ட்டர் இல்லாமல் நேரடியாகக் கொடுத்தால் ஆம்ப் முதல் நாளே போய்விடும். அங்குள்ள இரண்டு பேட்டரிகளில் ஒன்றிலிருந்து மட்டும் 12 வோல்ட்டைப் பிரித்து எடுக்கும் குறுக்கு வழி, இரண்டு பேட்டரியையும் ஏற்றத்தாழ்வாக்கிச் சீக்கிரம் சாகடிக்கும்.

டிக்கியை இழக்க மனமில்லாதவர்கள், குடும்பத்தோடு ஊருக்குப் போகும்போது சூட்கேஸ் வைக்க இடம் வேண்டும் என்பவர்கள், சீட்டுக்கு அடியில் வைக்கும் 8 இன்ச் ஆக்டிவ் ஊஃபரைப் பார்க்கலாம். ஆம்ப் உள்ளேயே இருக்கிறது. ஓம்ஸ் கணக்கு, பெட்டிக் கணக்கு எல்லாவற்றையும் கம்பெனியே முடித்துத் தந்துவிடுகிறது. நெஞ்சை அதிரவைக்காது, ஆனால் சிறிய காருக்குள் பேஸ் நிறைவாகக் கேட்கும். மூடிய கார் அறையே தாழ்ந்த ஒலிகளைத் தானாகக் கூட்டிக் கொடுக்கும் என்பதால், வீட்டில் தேவைப்படுவதைவிடக் குறைந்த வாட்ஸ் காரில் போதும். முதல்முறை ஊஃபர் வைக்கிறவர்களில் பலருக்கு இதுவே சரியான தேர்வு.

சத்தத்துக்கு உடம்பும் சட்டமும் போட்டிருக்கும் வரம்பையும் மறக்கக் கூடாது. அமெரிக்கத் தொழில் சுகாதார நிறுவனமான நியோஷின் பரிந்துரைப்படி 85 டெசிபலை எட்டு மணி நேரம் காது தாங்கும். ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் அந்த நேரம் பாதியாகிறது. 100 டெசிபலில் கால் மணி நேரம்தான். இந்தியாவின் 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள், குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவு பத்து மணி முதல் காலை ஆறு வரை 45 என்று வரம்பு வைத்திருக்கின்றன.

ஊஃபர் வாங்கப் போகிறவர்கள் கடையில் கூச்சப்படாமல் ஒரு காரியம் செய்ய வேண்டும். பில்லில் மாடல் பெயருக்குப் பக்கத்தில் ஊஃபரின் ஆர்.எம்.எஸ். வாட்ஸ், மாட்டிய பின் வரும் மொத்த ஓம்ஸ், அந்த ஓம்ஸில் ஆம்ப் தரும் ஆர்.எம்.எஸ். வாட்ஸ் ஆகிய மூன்றையும் எழுதித் தரச் சொல்லுங்கள். தொழில் தெரிந்த கடைக்காரர் ஒரு நிமிடத்தில் எழுதிக் கொடுப்பார். “அதெல்லாம் வேணாம் சார், இது 4000 வாட்ஸ்” என்று பதில் வந்தால், அடுத்த கடைக்குப் போங்கள்.